கோர்வன் சொல்லாமல் போனது

"ஜெனலின், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேக்காதே."

"என்னன்னே தெரியாம கேக்காதேங்கிற?"

"தெரியும். அதான் கேக்காதேங்கிறேன்."

"தெரியும்னா பதிலைச் சொல்லிடு. எனக்குக் கேக்கிற வேலை மிச்சம்."

"கடைசிப் புத்தகம் வரட்டும், ரெனாந்தே. ரெண்டு பேரும் படிச்சு முடிச்ச அன்னிக்குக் கேளு. கோர்வன் காத்திருக்கானா இல்லையா? உன்னால முடியாதா?"

"கோர்வன் நாக்குல சாபம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"உனக்கு நான் இருக்கேன்."

இந்தப் பேச்சு நடந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. நடந்த இடம், இலோயிலோ நகரத்தின் லா பாஸ் சந்தைக்குள் இருக்கும் ஒரு பாச்சோய் கடை. இரண்டு பேர் முன்னாலும் ஆவி பறக்கும் நூடுல்ஸ் கிண்ணம், நடுவில் ஒரே ஒரு புத்தகம். 'உப்பு வாசல்' வரிசையின் மூன்றாம் பாகம். அப்போது ஜெனலினுக்குப் பத்தொன்பது வயது. ரெனாந்தே கப்பல் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம்.

கடைசிப் புத்தகம் என்று அவள் சொன்னபோது அது பெரிய கெடுவாகத் தோன்றவில்லை. மொத்தம் ஆறு பாகம், வருடத்துக்கு ஒன்று என்று அட்டையிலேயே போட்டிருந்தது. மூன்று வருடம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அதற்குள் தன் மனதைத் தானே சரியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள்.

ஆனால் எங்கோ குளிர்தேசத்தில் இருந்த அந்த எழுத்தாளர் அம்மாளுக்கு இவர்கள் விவகாரம் எப்படித் தெரியும்? நான்காம் பாகம் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஐந்தாம் பாகத்துக்கு இரண்டு வருடம். அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்கு முதுகுவலி வந்தது. வீடு மாறினார். எழுதியதைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ஆடு வளர்க்கத் தொடங்கினார். ஆட்டுக்குட்டிகளோடு அவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம் வெளிவந்த அன்று ஜெனலின் தன் அக்கா லூர்தெஸிடம், "அந்த ஆடு மட்டும் என் கையில கிடைச்சா!" என்று பல்லைக் கடித்தாள்.

கதை இதுதான். இஸ்மெரா என்ற பெண் உப்பு வாசலைக் காவல் காக்கிறாள். கோர்வன் என்ற வீரன் அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உப்பு வாசல் திறக்கும் நாள்வரை அந்தக் கேள்வி அவன் நாக்கில் வராது. அதுதான் சாபம். போர்கள், பறக்கும் மீன்கள், பேசும் மலைகள் எல்லாம் வரும், போகும். ஆனால் ஐந்து பாகமாக வாசகர்கள் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இரண்டு பேருக்கும் அறிமுகமே அந்தப் புத்தகத்தால் வந்ததுதான். முதல் பாகம் வந்தபோது புத்தகக் கடையில் கடைசிப் பிரதியின் ஒரு முனையை இவளும் மறுமுனையை அவனும் பிடித்தார்கள். யாரும் விடவில்லை. பாதிப் பாதி போட்டு வாங்கி, சட்டம் வகுத்துக்கொண்டார்கள். ஒற்றைப்படைப் பாகங்களை அவள் முதலில் படிக்க வேண்டும், இரட்டைப்படையை அவன். இருவரும் முடிக்கும்வரை ஒரு வார்த்தை, ஒரு பெருமூச்சு, ஒரு கண்ஜாடை கூடாது. முடித்தபின் பாச்சோய் கடை. எத்தனை பிரதி கடையில் குவிந்து கிடந்தாலும் வாங்குவது ஒன்றே ஒன்று. புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை போடுவது ஜெனலின் பொறுப்பு.

அட்டை போடுவதில் அவளை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. அக்காவும் அவளும் நடத்தும் எழுதுபொருள் கடைக்கு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடத்துத் தாய்மார்கள் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஜெனலின் பிளாஸ்டிக்கை விரித்து, வெட்டி, மடித்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒட்டிக் கொடுப்பாள். அட்டை போட்டிருக்கிறது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை காலையில்தான், ஒன்பது மாதக் கப்பல் வேலை முடிந்து ரெனாந்தே வந்து நின்றான். ஆறாம் பாகம் வெளியான அன்று அவன் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. இலோயிலோ கடைகளுக்குப் புத்தகம் வர இன்னும் ஒரு வாரம் ஆகும். 'வாங்கிட்டேன்' என்று அவன் செய்தி அனுப்பியதும் ஜெனலின் வாசகர் குழுவிலிருந்து விலகினாள். யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் கைப்பேசியைப் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தாள். பழைய ஐந்து பாகங்களையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள்.

"வாடா தோத்தோ!" என்று லூர்தெஸ் அக்கா கல்லாவிலிருந்து குரல் கொடுத்தாள். வயதில் சின்ன ஆண்பிள்ளைகளை அந்த ஊரில் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். "உடம்பு வத்திப்போச்சே! கப்பல்ல சோறு போடுறாங்களா, இல்ல டீசல் ஊத்துறாங்களா?"

"ரெண்டும் ஒரே ருசிதான், மனாங்," என்றான் ரெனாந்தே. அக்காவை அவனும் மரியாதையாக மனாங் என்றுதான் அழைப்பான். அவளிடம் ஒரு பை நிறைய சாக்லேட்டைக் கொடுத்தான். பிறகு ஜெனலின் பக்கம் திரும்பி, புத்தகத்தை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். படித்துவிட்ட முகத்தில் ஏதாவது தெரியுமா என்று எட்டு வருடப் பசியோடு பார்த்தாள். அவன் சட்டென்று கூரையைப் பார்த்தான்.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"எப்படி... சரி, சொல்லாதே."

"சொல்லல."

"நல்லா... வேண்டாம், சொல்லாதே!"

"அம்மா தாயே, நான் வாயே திறக்கல!"

"பெருமூச்சு விட்டே."

"கடைக்குள்ள காத்தே இல்ல, அதான் விட்டேன்." அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "கிமாராஸ் தீவுக்குப் போற படகைப் பிடிக்கணும், அம்மா காத்திட்டிருப்பாங்க. படிச்சிட்டு... படிச்சிட்டுப் பேசலாம்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

வந்தால் ஒரு மணி நேரம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவோடு வாயடிப்பவன், இப்படித் தீப்பிடித்த மாதிரி ஓடினால் என்ன அர்த்தம்? மேசைமேல் அவன் வைத்துவிட்டுப் போன புத்தகத்தை ஜெனலின் அப்போதுதான் எடுத்துப் பார்த்தாள். அவனே அட்டை போட்டிருந்தான். அது அட்டையா அது! மூலைக்கு மூலை சுருக்கம், நடுவில் தவளை மாதிரி ஒரு குமிழ். அதைவிடக் கொடுமை, கடைசி நாற்பது பக்கத்தைத் தனியாகச் சேர்த்து, பிளாஸ்டிக் சுற்றி, நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டு முத்திரை வைத்திருந்தான். மேலே, அவளை எப்போதும்போல் 'இந்தாய்' என்று செல்லமாக அழைத்து ஒரு துண்டுக் காகிதம்: 'இந்தாய், இதோட நிறுத்திக்கோ. மீதியை நான் சொல்றேன்.'

"மனாங், இங்க பாரேன் இந்த அநியாயத்தை!"

லூர்தெஸ் அக்கா வாங்கிப் பார்த்தாள். தன் மகன் மதிய உணவு டப்பாவை மூடும் அழகு நினைவுக்கு வந்ததோ என்னவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம்டி, கடல்தண்ணி உள்ள போயிடக் கூடாதுன்னு கப்பல் ஓட்டையை அடைக்கிற மாதிரி அடைச்சிருக்கான்."

"இவன் யாரு, நான் எதைப் படிக்கணும் படிக்கக் கூடாதுன்னு சொல்ல?"

"எட்டு வருஷமா அவன் எதைக் கேக்கணும் கேக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையா?"

ஜெனலின் பிளாஸ்டிக் சுருளை இழுத்து விரித்தாள். ஒரு தாய் நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு காத்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் படித்தாள். சோறு ஒரு கையில், புத்தகம் ஒரு கையில். ஐந்நூறு பக்கம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. மலைகள் பேசின, மீன்கள் பறந்தன, இறந்துபோனதாக நினைத்த அண்ணன் திரும்பி வந்தான். கோர்வன் வெள்ளை மணல்வெளியைக் கடந்து வருகிறான். வாசலின் ஒரு கதவு அசைகிறது. இஸ்மெரா விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறாள்.

அங்கே பிளாஸ்டிக் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் ஏன் ஒட்டினான்? முடிவு மோசமா? இல்லை, முடித்துவிட்டால் அவன் கேட்டாக வேண்டுமே, அதைத் தள்ளிப்போடப் பார்க்கிறானா? எட்டு வருடத்தில் கேள்வி மாறிப்போயிருந்தால்? 'என்ன கேக்க நினைச்சேன்னே மறந்துபோச்சு இந்தாய், சின்ன வயசு' என்று சிரித்துவிட்டால்?

உள்ளதைச் சொன்னால், அவளுக்கு எப்போதுமே அந்தப் பயம் இருந்தது. நடுவில் எத்தனையோ முறை, அவன் கப்பலேறப் போகும் ஒவ்வொரு தடவையும், 'சரி, இப்பவே கேட்டுத் தொலை' என்று சொல்ல வாயெடுத்திருக்கிறாள். சொன்னதில்லை. கேட்காத கேள்வி படிக்காத புத்தகம் மாதிரி. மனதில் அது எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் இருக்கலாம். கேட்டுவிட்டால் அது என்னவோ அதுதான்.

வெட்டுக்கத்தியை எடுத்தாள். அவன் ஒரு மணி நேரம் பாடுபட்டு ஒட்டியிருப்பான். அவளுக்கு அரை நிமிடம் ஆயிற்று.

உப்பு வாசல் திறந்தது. கோர்வன் இஸ்மெராவின் முன்னால் வந்து நின்றான். சாபம் உதிர்ந்தது. இருபது பக்கத்துக்குக் காற்று வீசியது. பிறகு அவன் வாய் திறந்தான்.

அத்தியாயம் முடிந்துவிட்டது.

அடுத்த பக்கத்தில், 'நூறு ஆண்டுகளுக்குப் பிறகு' என்றிருந்தது. ஒரு அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். உப்பால் செய்த இரண்டு சிலைகளை வழிகாட்டி ஒருவர் காட்டுகிறார். ஒரு சிறுமி கையைத் தூக்கி, அவன் என்ன கேட்டான் என்று கேட்கிறாள். வழிகாட்டி புன்னகை செய்து, 'அது அந்தக் காற்றுக்கு மட்டும்தான் தெரியும்' என்கிறார். முற்றும்.

ஜெனலின் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு ஏதாவது பக்கம் இருக்கிறதா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தாள். அட்டையைக் கவிழ்த்து உதறினாள்.

"காத்துக்கு மட்டும்தான் தெரியுமாம்!"

"என்னடி?" என்றாள் அக்கா.

"ஆறு புத்தகம், மனாங்! மூவாயிரம் பக்கம்! அவன் என்ன கேக்கப்போறான்னு நான் நாப்பது பக்கத்துக்கு ஆராய்ச்சி எழுதி வெச்சிருக்கேன். கடைசியில காத்துக்கு மட்டும் தெரியுமாம்! அந்தக் காத்து என்ன காசு குடுத்தா வாங்குச்சு?"

"சரி விடு, கதைதானே."

"கதையா? ஒரு மனுஷனை இத்தனை வருஷம் வாயைக் கட்டிப்போட்டு, நிக்கவெச்சு, அலையவிட்டு, கடைசியில வாயைத் திறக்கிற நேரத்தில கதவைச் சாத்துறது என்ன நியாயம்? இப்படிச் செய்ய எப்படி மனசு வந்துச்சு அந்தப் பொம்பளைக்கு?"

லூர்தெஸ் அக்கா சாக்லேட் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

ஜெனலினின் காது மடல் சூடாயிற்று. கத்தியை மேசைமேல் வைத்தாள். செருப்பை மாட்டினாள். "கடையைப் பார்த்துக்கோ," என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த முதல் ஜீப்னி வண்டியில் ஏறினாள்.

படகுத்துறையில் கிமாராஸ் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், அப்போதுதான் வந்து அணைந்த படகிலிருந்து ரெனாந்தே இறங்கிக்கொண்டிருந்தான். கையில் ஒரு பை மாம்பழம்.

"இங்க என்ன பண்றே?" என்றாள்.

"திங்கட்கிழமை மதியம் மூணு மணிக்கு நீ முடிச்சிருப்பேன்னு கணக்குப் போட்டேன்." அவன் அவள் கக்கத்தைப் பார்த்தான். "பிரிச்சிட்டியா?"

"பிரிக்காம? அந்த அட்டையைப் போட்ட கைக்கு முதல்ல தண்டனை குடுக்கணும். யாருடா உனக்கு ஒட்டுநாடா குடுத்தது?"

"எஞ்சின் அறையில இருந்துச்சு."

"தெரியுது! குழாய்க்குச் சுத்துற நாடா அது! ஏன் ஒட்டினே?"

ரெனாந்தே மாம்பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நாலாம் பாகத்துல குதிரை செத்துது, ஞாபகம் இருக்கா?"

"அதை எதுக்கு இப்ப?"

"நான்தான் முதல்ல படிச்சேன். நீ படிச்சிட்டுப் பதினோரு நாள் என்னோட பேசல. நான் ஏதோ குதிரைக்கு விஷம் வெச்ச மாதிரி. ஒரு குதிரைக்கே பதினோரு நாள். இந்த முடிவுக்கு எத்தனை வருஷம்னு கப்பல்லயே உக்காந்து யோசிச்சேன். எனக்கு இந்தப் புத்தகம் முடியற அன்னிக்குத்தான் கேக்க அனுமதி. இப்படி ஒரு புத்தகத்தை முடிச்சிட்டு நீ வந்து நிக்கிறப்ப நான் எதைக் கேட்டாலும் என் தலையில தேங்காயை உடைப்பே. அதான், அதை ஒட்டிட்டு நானே ஒரு நல்ல முடிவு எழுதிச் சொல்லலாம்னு..."

"எழுதினியா?"

"பதிமூணு தடவை." அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். "வாசல் திறக்கிறது, காத்து வீசுறது எல்லாம் நல்லாத்தான் வருது. அவன் கேக்கிற இடம் வந்தா, கோர்வன் பேச மாட்டேங்கிறான். நான்தான் பேசுறேன். நான் கேக்கவேண்டியதை அவன்கிட்டக் குடுத்துட்டா அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?"

ஜெனலினுக்கு வாயில் தயாராக வைத்திருந்த வசவெல்லாம் எங்கோ போய்விட்டது. அவன் மறக்கவில்லை. எட்டு வருடமும் அதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"கிமாராஸ்! கிமாராஸ்! ரெண்டு பேர் பாக்கி!" என்று படகோட்டி கத்தினார். "சீட்டு வாங்கின அம்மா, வர்றீங்களா, இல்ல கரையிலேயே சண்டையை முடிக்கிறீங்களா?"

"வர்றோம்!" என்றாள் ஜெனலின். "நீயும் ஏறு."

"நான் இப்பத்தானே இறங்கினேன்!"

"சீட்டை வீணாக்கச் சொல்றியா? ஏறு."

ஏறினான். இருவரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு குறுகலான பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே கூடை நிறையக் கோழிக்குஞ்சு வைத்திருந்த ஒரு பெண், சீருடையில் நான்கு கல்லூரிப் பெண்கள், தூங்கி வழியும் ஒரு போலீஸ்காரர். எஞ்சின் முழங்கியது. படகின் இரண்டு பக்கமும் நீட்டியிருந்த மூங்கில் கைகள் தண்ணீரைக் கிழிக்க, உப்புத் துளி முகத்தில் தெறித்தது.

பாதிக் கடல் வரும்வரை ஜெனலின், கடையில் அக்கா பார்த்த பார்வையையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷனின் வாயைக் கட்டிப்போட எப்படி மனசு வந்தது என்று கேட்டாளே, யாரைக் கேட்டாள்? அந்த ஆடு வளர்க்கும் அம்மாளுக்காவது முதுகுவலி இருந்தது.

அவன் காதருகே குனிந்து கத்தினாள். "ரெனாந்தே! புத்தகம் முடிஞ்சு போச்சு!"

"தெரியும்!"

"ரெண்டு பேரும் படிச்சாச்சு!"

"ஆமா!"

"அப்ப கேளு!"

அவன் அவளைப் பார்த்தான். மிதவைச் சட்டை கன்னம்வரை ஏறியிருந்தது. மடியில் மாம்பழம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். சொன்னது அத்தனையும் எஞ்சின் இரைச்சலோடு சேர்ந்து பின்பக்கமாகப் பறந்து போய்விட்டது.

"கேக்கல!" என்று கத்தினாள் ஜெனலின்.

அவன் மறுபடி சொன்னான். உதடு அசைந்தது. கோழிக்குஞ்சுகள் கத்தின.

"கேக்கல ரெனாந்தே! காத்துக்கு மட்டும் தெரிஞ்சா போதாது! எனக்குத் தெரியணும்! இன்னும் சத்தமா!"

கல்லூரிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் கண்ணைத் திறந்தார். ரெனாந்தே மாம்பழப் பையை அவள் மடியில் வைத்தான். கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடும் படகில் எழுந்து நின்றான். எஞ்சின் அறையில் வருடக்கணக்காகக் கத்திப் பழகிய குரலை முழுதாகத் திறந்தான்.

"ஜெனலின்! எங்க அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு, உங்க வீட்டுக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வரலாமா?"